பழைய விண்டோஸை விட்டு அச்சகங்கள் ஏன் நகரவில்லை?

கேள்வி: குடந்தை_அச்சகம்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் சிறிய ஆஃப்செட் அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். திருமணப் பத்திரிகை, கோயில் விழா நோட்டீஸ், பில் புத்தகம் ஆகியவற்றோடு, உள்ளூர்த் தமிழாசிரியர்கள் எழுதும் சிறு நூல்களையும் அச்சிட்டுத் தருகிறோம். பக்க வடிவமைப்பு முழுவதும் இன்றளவும் விண்டோஸ் எக்ஸ்பி உள்ள ஒரே கணினியில், பேஜ்மேக்கர் 7 மென்பொருளில்தான் நடக்கிறது. கணக்கு, மின்னஞ்சல், ஜிஎஸ்டி ஆகிய வேலைகளுக்கு விண்டோஸ் 10 உள்ள மற்றொரு கணினி இருக்கிறது.

விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அந்த இரண்டாவது கணினியை என்ன செய்யலாம் என்று கேட்கப் போயிருந்தேன். கணினி விற்பவர் எக்ஸ்பி பற்றிக் கேள்விப்பட்டதும், அதைத்தான் முதலில் அகற்ற வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் எங்கள் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த அச்சகங்கள் பலவும் எக்ஸ்பியையோ விண்டோஸ் 7ஐயோ விடாமல் வைத்திருக்கின்றன. அவற்றை நடத்துகிறவர்கள் தொழில் தெரிந்தவர்கள், கையில் பணமில்லாதவர்களும் அல்லர். எல்லோரையும் பழக்கம் மட்டுமே கட்டிப்போட்டிருக்கிறது என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆகவே இரண்டு செய்திகளை அறிய விரும்புகிறேன். பழைய இயங்குதளத்தை விட முடியாமல் இருப்பதற்கு உண்மையான தொழில்நுட்பக் காரணங்கள் என்ன? இணையத்தில் இணைக்கப்படாத ஒரு எக்ஸ்பி கணினியால் எந்த அளவுக்கு ஆபத்து? காரணம் சரியாகத் தெரிந்தால்தான், மாறும்போது எதை இழப்போம் என்பதும் தெரியும்.

பதில்: பக்க_வடிவமைப்பு (சிவகாசி)

வணக்கம் ஐயா. பேஜ்மேக்கரிலேயே தொழில் கற்று, அதிலேயே இன்றும் பாதி வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். பழக்கம் ஒரு காரணம்தான், ஆனால் கடைசிக் காரணம். நாம் ஒட்டிக்கொண்டிருப்பது இயங்குதளத்தோடு அல்ல, நாமே செய்து குவித்து வைத்திருக்கும் கோப்புகளோடு. அந்தக் கோப்புகளுக்குப் பேஜ்மேக்கர் வேண்டும், பேஜ்மேக்கருக்கு அந்தக் காலத்து எழுத்துருக்கள் வேண்டும், அந்த எழுத்துருத் தொகுப்புக்கு அதன் பூட்டும் அந்தப் பூட்டை இயக்கும் டிரைவர் என்னும் நிரலும் வேண்டும், அந்த டிரைவருக்கு எக்ஸ்பி வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை எடுத்தாலும் மற்றவை பயனற்றுப் போகின்றன.

பேஜ்மேக்கரை 1985இல் ஆல்டஸ் நிறுவனம் மேக்கின்டாஷ் கணினிக்காக வெளியிட்டது. 1994இல் அடோபி நிறுவனம் ஆல்டஸை வாங்கியது. 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு புதிய பதிப்புகள் நின்றன. 2004இல் அதன் வளர்ச்சிப் பணியை அடோபி கைவிட்டது. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு என்னும் பொதுத் தரமே இந்த மென்பொருளுக்குத் தெரியாது. அது ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கில், 256 இடங்களுக்குள் எல்லாவற்றையும் அடக்கப் பார்க்கும். ஆங்கிலத்துக்கு என வகுக்கப்பட்ட அந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்துத்தான் அக்கால எழுத்துருக்களை உருவாக்கினார்கள். பாமினி எழுத்துருவை எடுத்துக்கொண்டால், ஆங்கிலச் சிறிய ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் அகரம் இருக்கும், ‘கே’ இருக்க வேண்டிய இடத்தில் மகரம் இருக்கும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கும். நம் கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது, கணினியின் நினைவில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் சேர்ந்த பொருளற்ற தொடராகவே கிடக்கிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழும் போய்விடும்.

அதுவும் எல்லா எழுத்துருக்களிலும் ஒரே ஒழுங்கில் அமைந்திருந்தால் தொல்லை குறைந்திருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி இடங்களைப் பிரித்துக்கொண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்னும் குறியாக்கங்களையும் (எந்த எழுத்துக்கு எந்த இடம் என்ற ஒழுங்கு) தமிழ்99 விசைப்பலகையையும் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. 2010 ஜூனில் யூனிகோடும் டேஸ்16 குறியாக்கமும் அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. நல்ல முடிவுகள்தாம். ஆனால் அவை வந்து சேர்வதற்குள் அச்சகங்களின் அலமாரிகள் பழைய குறியாக்கக் கோப்புகளால் நிறைந்துவிட்டன. வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருக்கும்போது பழைய கோப்புகளை மாற்றி வைப்பதற்கு யாரும் கூலி தரமாட்டார்கள்.

புதிய மென்பொருளுக்குப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு அடோபியின் மற்றொரு பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் கதையைச் சொல்ல வேண்டும். 2012இல் வந்த இன்டிசைன் சிஎஸ்6, பேஜ்மேக்கர் கோப்புகளையும் திறந்தது, யூனிகோடு தமிழையும் உடைக்காமல் அமைக்க வழி வைத்திருந்தது. அதற்குப் பின் சந்தா முறையில் வந்த பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறப்பதில்லை. அந்தக் குறுகிய காலத்தில் கடந்து போனவர்கள் போனார்கள். போகாதவர்களுக்குக் கதவு மூடப்பட்டது. சிஎஸ்6இல் திறந்தவர்களுக்கும்கூடப் பக்க அமைப்புதான் வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த எழுத்துகள் அதே பழைய குறியாக்கத்தில்தான் நின்றன.

இன்னொன்று, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்காதது. எழுத்துருவை மாற்றினால் எழுத்தின் அகலம் மாறும், அகலம் மாறினால் வரி உடையும் இடம் மாறும், வரி மாறினால் பக்கம் மாறும். பதினாறு பக்கப் பாரங்களாக (ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் பக்கத் தொகுதி) கணக்கிட்டு அடக்கிய நூல் நான்கு பக்கம் நீண்டுவிட்டால், தாள் கணக்கும் விலையும் மாறும். பொருளடக்கத்தையும் சொல்லடைவையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மெய்ப்பு மறுபடி பார்க்க வேண்டும். மறுபதிப்புக்காக வருகிற ஆசிரியர், பழைய பக்கம் அப்படியே வர வேண்டும் என்றுதான் கேட்கிறார். அதை இம்மி பிசகாமல் தருவது அந்தப் பழைய கணினி ஒன்றுதான்.

கடைசியாகப் பூட்டு. அக்காலத் தமிழ் எழுத்துருத் தொகுப்புகள் சில, பிரிண்டரை இணைக்கும் பாரலல் போர்ட்டில் செருகும் டாங்கிள் என்னும் பூட்டுக் கருவியோடு வந்தன. இன்றைய கணினிகளில் அந்தப் போர்ட்டைக் காண்பதே அரிது. போர்ட் அட்டை வாங்கிப் பொருத்தினாலும், 32 பிட் விண்டோஸுக்காக எழுதிய டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. நாம் காசு கொடுத்து முறையாக வாங்கிய பொருள், நாமே பயன்படுத்த முடியாத நிலைக்கு வந்துவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பதில்: வலைக்காவல்

பக்க_வடிவமைப்பு அவர்கள் சொன்ன காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் தங்கள் இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கணினிப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் ‘உடனே அகற்றுங்கள்’ என்று சொல்லிவிட்டு நகர்வதும், தொழிலில் இருப்பவர்கள் ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்லி அமைவதும் இரண்டுமே போதாது.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்தது. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. ஆதரவு முடிந்தது என்றால் கணினி நின்றுவிடும் என்பது பொருளல்ல. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா என்பதே பொருள். விண்டோஸின் உட்பகுதிகள் பல, பதிப்புக்குப் பதிப்பு வழிவழியாக வருபவை. ஆகவே புதிய விண்டோஸுக்கு ஓர் ஓட்டையை அடைத்து மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிடும்போது, அதே ஓட்டை பழையதிலும் இருக்கக்கூடும் என்பதைத் தாக்குபவர்களும் அறிந்துகொள்கிறார்கள். ஆதரவு நின்ற கணினியின் ஆபத்து ஆண்டுக்காண்டு வளர்வதற்கு இதுவே காரணம்.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட தீநிரல். பிணையத்தில் கோப்புகளைப் பகிரப் பயன்படும் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியே, யாரும் எதையும் சொடுக்காமலேயே, கணினியிலிருந்து கணினிக்கு அது தாவியது. பிரிட்டனில் பொது மருத்துவமனைகளின் சிகிச்சைப் பணிகளே தடைபட்டன. ஆதரவு முடிந்து மூன்றாண்டு ஆகியிருந்தபோதிலும், எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட்டது. 2019 மே மாதத்தில் புளூகீப் என்ற வேறோர் ஓட்டை தெரியவந்தபோதும் அவ்வாறே செய்ய வேண்டியிருந்தது. இங்கே நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: வான்னாகிரையால் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவை எக்ஸ்பி கணினிகள் அல்ல, அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகளே. அவற்றுக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதமே வந்திருந்தும், உரியவர்கள் அதை நிறுவாமல் விட்டிருந்தார்கள்.

தங்கள் எக்ஸ்பி இணையத்தில் இல்லை என்கிறீர்கள். அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அச்சகம் என்பது வாடிக்கையாளர்கள் நாள்தோறும் பென் டிரைவோடு வந்துபோகும் இடம். 2008 நவம்பரில் வெளிப்பட்ட கான்ஃபிக்கர் புழு, பிணையத்தின் வழியாக மட்டுமல்லாமல் பென் டிரைவின் வழியாகவும் பரவியது. டிரைவைச் செருகியதும் தானாக இயங்கும் வசதியை அது பயன்படுத்திக்கொண்டது. 2011 பிப்ரவரியில்தான் எக்ஸ்பியில் அந்த வசதியைக் கட்டுப்படுத்தும் திருத்தத்தை விண்டோஸ் அப்டேட் வழியே பரவலாக அனுப்பினார்கள். தங்கள் கணினியில் அந்தத் திருத்தம் நிறுவப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெரிய நிறுவனங்களும் இதே நிலையில்தான் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் எக்ஸ்பியை வைத்திருப்பவர்களை அறியாதவர்களாகப் பேசும் போக்கு எனக்கு உடன்பாடில்லை. 2014இல் ஆதரவு முடிந்தபோது, கூடுதலாக ஓராண்டுப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறப் பிரிட்டன் அரசு மைக்ரோசாஃப்டுக்குச் சுமார் 55 லட்சம் பவுண்டு கொடுத்தது. நம் நாட்டு ஏடிஎம் இயந்திரங்கள் பலவற்றில் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்தது. ஆதரவில்லாத இயங்குதளங்களிலிருந்து அவற்றைப் படிப்படியாக 2019 ஜூனுக்குள் மாற்றி முடிக்க வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் உத்தரவிட்டது. வங்கிக்குக் கெடு விதிக்க ஒரு ரிசர்வ் வங்கி இருக்கிறது. அச்சகத்துக்குக் கெடு விதிப்பவர் யாரும் இல்லாததால், வன்தட்டு செத்துப்போகும் நாளே கெடுவாக அமைந்துவிடுகிறது.

உண்மையில் தங்களைப் பொறுத்தவரை நச்சுநிரலைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அந்த வன்தட்டுதான். எக்ஸ்பி காலத்துக் கணினி என்றால் அதன் வன்தட்டு, மின்வழங்கி, மதர்போர்டு எல்லாமே முதுமை அடைந்தவை. அவை பழுதானால் அதே வகை உதிரிப் பாகம் கிடைப்பது கடினம். கோப்புகளை மட்டும் நகலெடுத்து வைத்திருப்பது போதாது. மென்பொருள், எழுத்துரு, அமைப்பு எல்லாம் சேர்ந்த முழு வன்தட்டையும் படிமமாக (உள்ளது உள்ளபடியான முழு நகலாக) எடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள். இந்த வேலையை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்யுங்கள்.

பென் டிரைவைப் பொறுத்தவரை, வாடிக்கையாளர் தருவது எதுவாயினும் முதலில் ஆதரவுள்ள கணினியில் மட்டும் செருகிச் சோதித்து, அங்கிருந்து அச்சகத்துக்கே உரிய தனி டிரைவ் ஒன்றின் மூலம் எக்ஸ்பிக்குக் கொண்டு செல்லுங்கள். வெளியார் டிரைவ் எக்ஸ்பியைத் தொடவே கூடாது. பிணையக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். தேவைப்படும்போது செருகிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் தொங்கவிடாதீர்கள்.

பதில்: பழைய_மடிக்கணினி

அச்சுத் தொழில் எனக்குத் தெரியாது. தங்கள் இரண்டாவது கணினியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வரையறுத்திருக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகள் இந்த ஒரு விதியால் வெளியே நிற்கின்றன. வீட்டுப் பயனர்கள் பலர் விண்டோஸ் 10இலேயே தங்கியிருப்பதற்குப் பிடிவாதம் காரணமல்ல, கையில் இருக்கும் பொருளைக் குப்பையில் எறிய மனமில்லை. தனிப்பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும் திட்டம் ஒன்று இருக்கிறது. வணிக நிறுவனங்களுக்கு விதி வேறு, ஆகவே அச்சகத்தின் கணினிக்கு எது பொருந்தும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உலாவியையும் மறந்துவிடாதீர்கள். குரோம் 2016 ஏப்ரலில் எக்ஸ்பியைக் கைவிட்டது, 2023 தொடக்கத்தில் விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. இயங்குதளம் ஓடினாலும், உலாவி பழையதானால் ஜிஎஸ்டி, வங்கி போன்ற தளங்களின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். கணக்கு பார்க்கும் கணினியை மட்டும் எக்காரணம் கொண்டும் பழையதில் விட்டுவைக்க வேண்டாம்.

குடந்தை_அச்சகம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வன்தட்டைப் படிமமாக எடுக்கும் வேலையை இந்த வாரமே செய்யச் சொல்லியிருக்கிறேன். பென் டிரைவ் பற்றிய எச்சரிக்கையும் எனக்குப் புதிது. எங்களிடம் வருகிறவர்கள் தருவதை நேராக எக்ஸ்பியில்தான் செருகி வந்தோம்.

மேலும் மூன்று ஐயங்கள். எங்களிடம் இருப்பதும் டாங்கிள் உள்ள எழுத்துருத் தொகுப்புதான். புதிய கணினிக்குள் எக்ஸ்பியை ஒரு மெய்நிகர் கணினியாக (மென்பொருளால் உருவாக்கும் கணினி) ஓட்டினால் அது ஏற்றுக்கொள்ளுமா? பழைய குறியாக்கக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளை நம்பலாமா? எங்கள் தட்டச்சர் அம்மையார் தட்டச்சுப் பொறியிலேயே பயின்றவர்; புதிய விசைப்பலகையைக் கற்கச் சொல்லி இந்த வயதில் அவரைத் துன்புறுத்த விரும்பவில்லை. இதற்கு வழி உண்டா?

பதில்: மின்னூலாக்கம்

வணக்கம். பழைய நூல்களின் அச்சகக் கோப்புகளைப் பெற்று மின்னூலாக்கும் பணியில் ஈடுபட்டிருக்கிறேன். ஆகவே தாங்கள் சொல்வது போன்ற கோப்புகளோடுதான் என் பெரும்பகுதி நேரம் கழிகிறது.

எளிதான ஐயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். தட்டச்சர் அம்மையார் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவசக் கருவிகளில் பழைய தட்டச்சு விசைப்பலகை, பாமினி விசைப்பலகை, தமிழ்99 எல்லாம் இருக்கின்றன. விரல் அதே இடத்தில் விழும். கணினிக்குள் போவது மட்டும் யூனிகோடாக இருக்கும். யூனிகோடு என்றாலே வேறு தட்டச்சு முறை என்று பல அச்சகங்களில் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். குறியாக்கமும் விசைப்பலகையும் இரண்டு தனித்தனிச் செய்திகள் என்று தெரிந்தாலே பாதித் தயக்கம் நீங்கிவிடும்.

மாற்றிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகளைச் சேமிக்கின்றன: ‘கொ’ என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் ககரம் முதலில் வரும், உயிர்க்குறி அதன் பின் ஒரே குறியாக வரும். இந்த வரிசை மாற்றத்தை நல்ல மாற்றிகள் ஒழுங்காகவே செய்கின்றன. பிழை நுழைவது ஔகாரத்தில். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். ‘கௌரி’ என்று அச்சில் படிக்கும் சொல், கோப்பில் கொம்பு, ககரம், ளகரம், பிறகு ‘ரி’ என்றே கிடக்கும். மாற்றி அதைக் ‘கெளரி’ என்று மாற்றிவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு ஏறக்குறையத் தெரியாது. ஆனால் ‘கௌரி’ என்று தேடுபவருக்கு அந்தச் சொல் அகப்படாது. இதைத் தவிர்க்க எண்ணி எல்லா இடத்திலும் ஔகாரமாக மாற்றும் கருவியோ, ‘தெளிவு’ என்ற சொல்லைச் சிதைத்துவிடும். இயந்திரத்தால் இதை முழுமையாகத் தீர்க்க இயலாது, சொல் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

மற்றொரு சிக்கல், ஒரே பத்தியில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வரும் இடங்கள். பழைய குறியாக்கத்தில் இரண்டும் ஒரே 256 இடங்களைப் பயன்படுத்துவதால், எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் இருக்கிறது என்ற செய்தி இல்லாமல் மாற்றினால், ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் பொருளற்ற தமிழாகிவிடும். ஆகவே பேஜ்மேக்கரிலிருந்து வெறும் உரையாக எடுக்காதீர்கள். ஆர்டிஎஃப் வடிவில் எடுங்கள். அதில் எழுத்துருவின் பெயர் தங்கியிருக்கும். தமிழ் எழுத்துரு உள்ள பகுதிகளை மட்டும் பிரித்து மாற்றலாம். பேஜ்மேக்கர் இல்லாத கணினியில் கோப்பைப் பார்க்க வேண்டுமானால் லிப்ரேஆபிஸ் டிரா உதவும்; அதன் 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும் வசதி உண்டு. பக்க அமைப்பு அப்படியே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், உள்ளே இருப்பது என்ன என்று அறிய அது போதும். புதிய நூல்களை வடிவமைக்கக் கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸின் 1.6 பதிப்பைப் பாருங்கள். தமிழ் யூனிகோடை அது முறையாகவே அமைக்கிறது. இன்டிசைனின் வசதிகள் அனைத்தும் அதில் இல்லை, எனினும் சிறு நூல்களுக்கும் நோட்டீஸ்களுக்கும் தாராளமாகப் போதும்.

டாங்கிளைப் பொறுத்தவரை, மெய்நிகர் கணினிக்குள் பாரலல் போர்ட்டைக் கொண்டு செல்வது நம்பத்தக்கதாக இல்லை. அதை நம்பித் திட்டமிட வேண்டாம். அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். டாங்கிளைக் கழற்றிவிட்டு, கணினியை மறுபடி தொடங்கி, பழைய கோப்பு ஒன்றைத் திறந்து அச்சிடுங்கள். பூட்டு விசைப்பலகை நிரலை மட்டும் காத்துக்கொண்டிருந்தால், எழுத்துரு தடையின்றி வேலை செய்யும். தட்டச்சு செய்ய மட்டும்தான் முடியாமல் போகும். தங்கள் தொகுப்பு அவ்வகை என்றால், மறுபதிப்புக்கு மெய்நிகர் எக்ஸ்பி போதும். புதிய வேலைகளை யூனிகோடில் செய்யலாம். எழுத்துருவே பூட்டுக்குள் இருந்தால், அந்தக் கணினி உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: முக்கியமான ஒவ்வொரு நூலையும் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் அச்சு மொழிக் கோப்பாக அச்சிட்டு, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக மாற்றிவிடுங்கள். அப்படி மாற்றித் தரும் அடோபியின் டிஸ்டிலர் இல்லையென்றால் இலவசமான கோஸ்ட்ஸ்கிரிப்ட் போதும். அந்த பிடிஎஃபில் தேட இயலாது, திருத்துவதும் அரிது; ஆனால் பக்கம் பக்கமாக, பழைய அச்சைப் போலவே, எந்தக் கணினியிலிருந்தும் பிளேட் (அச்சுத் தகடு) போட முடியும்.

மெய்நிகர் கணினியை நிறுவுவதற்கு முன் எக்ஸ்பி உரிமத்தைப் பாருங்கள். கணினியோடு சேர்த்து விற்கப்பட்ட உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. தனியாக வாங்கியதென்றால் மாற்றிக்கொள்ளலாம்.

பதில்: பக்க_வடிவமைப்பு (சிவகாசி)

மின்னூலாக்கம் அவர்கள் சொன்ன முறை சரியானது. எதை மாற்றுவது என்பதில் மட்டும் என் கருத்தைச் சேர்க்கிறேன். எல்லாக் கோப்புகளையும் யூனிகோடுக்கு மாற்ற முனைந்தால் பாதியில் களைத்து விட்டுவிடுவீர்கள், ஐயா. திருமணப் பத்திரிகை, பில் புத்தகம், நோட்டீஸ் ஆகியவற்றின் பழைய கோப்புகளைத் தொட வேண்டாம். அவற்றிலிருந்து நமக்குத் தேவைப்படுவது ஓரங்களும் படங்களும் அமைப்பும்தான். அவற்றைப் புதிய மென்பொருளில் ஒருமுறை அமைத்துக்கொண்டால், வாசகம் எப்படியும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதிதாகத்தான் தட்டச்சாகும்.

நூல்கள் அப்படியல்ல. உள்ளூர்த் தமிழாசிரியர்களின் நூல்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவற்றில் பலவற்றுக்கு முன்னூறு ஐந்நூறு படிகள் அச்சிட்டதோடு சரி. இன்று அச்சுப்படி ஆசிரியர் வீட்டில் ஒன்றிரண்டு இருக்கலாம், எழுத்து வடிவில் முழு நூலும் இருப்பது தங்கள் வன்தட்டில் மட்டுமாகவும் இருக்கலாம். ஆகவே முதலில் எல்லா நூல்களுக்கும் பிடிஎஃப் எடுங்கள். பிறகு ஆர்டிஎஃப் எடுத்து, ஆசிரியரின் அல்லது அவர் குடும்பத்தாரின் இசைவோடு, ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு நூலின் கோப்புறையிலும் அதற்குப் பயன்படுத்திய எழுத்துருவின் பெயரையும் குறியாக்கத்தையும் ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள்; எந்த எழுத்துருவில் அமைத்தது என்று தெரியாத கோப்பைப் பின்னாளில் திறப்பவருக்கு, அது எந்த மொழி என்பதுகூடப் புலப்படாது.

அம்மையாருக்கு வேலை இல்லாத பிற்பகல்களில் ஔகாரத் திருத்தத்தை ஒப்படைக்கலாம். அந்த நூல்களை முதன்முதலில் தட்டச்சு செய்தவர் அவராகவே இருப்பார் என்பதால், வேறு யாரையும்விட விரைவாக அவர் கண்ணுக்குப் பிழை தென்படும்.